பொதுவில் வைத்த கோப்பு

‘தாம்பரம்’ என்ற சொல்லைக் கணினி 8 குறிகளாக வைத்துக்கொள்கிறது: த, துணைக்கால், ம, புள்ளி, ப, ர, ம, புள்ளி. நமக்கு அது 5 எழுத்து. ‘குரோம்பேட்டை’ கணினிக்கு 12 குறி, நமக்கு 6 எழுத்து. யூனிகோடில் உயிர்மெய்களுக்குத் தனித்தனி இடம் கிடையாது. அகரமேறிய மெய்யும் அதற்குரிய துணைக்குறியும் அடுத்தடுத்து நிற்கின்றன. எழுத்துரு அவற்றைச் சேர்த்துத் திரையில் வரைகிறது.

ஆகவே தமிழைத் தொடும் நிரல்கள் பலவற்றுக்கும் ஒரு சிறு வேலை பொதுவாக இருக்கிறது: குறிகளைச் சேர்த்து எழுத்தாக்குவது. குறுக்கெழுத்துப் புதிருக்கு அது வேண்டும். பிழைதிருத்திக்கு வேண்டும். ரசீதின் குறுகிய தாளில் ஒரு பெயரைச் சுருக்கி அச்சிடவும் வேண்டும். இல்லாவிட்டால் 3 குறியோடு வெட்டப்பட்ட தாம்பரம், புள்ளியை இழந்து ‘தாம’ என்று நிற்கும். எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடுகிற வேலை. சின்ன வேலை என்பதாலேயே அவரவர் புராஜெக்டில் ஆளுக்கொரு பிரதி இருக்கிறது.

*

பிரதி எடுத்த அன்று இரண்டு கோப்பும் ஒன்றுதான். ஒன்றில் யாராவது கை வைக்கும்வரை அப்படியே இருக்கும்.

குரோம்பேட்டையில் இருக்கிற ‘ரோ’வையே எடுத்துக்கொள்வோம். அதன் ஓகாரத்தை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். இரட்டைக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கணினிக்கு மட்டும் அவை வேறு வேறு சொற்கள். ஒரு விதமாக உள்ளிட்ட பெயரை இன்னொரு விதமாகத் தேடினால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். ஒருநாள் ஒரு புராஜெக்டில் யாரோ பொறுமையாக உட்கார்ந்து இதைக் கண்டுபிடித்துத் திருத்துகிறார். அந்தத் திருத்தம் அவருடைய பிரதியில் மட்டும் இருக்கிறது. அதே கோப்பின் மற்றப் பிரதிகளில் குரோம்பேட்டை இன்னும் தொலைந்தே கிடக்கிறது. அங்கே வேலை செய்பவர்களுக்கு, பிழை இருப்பதும் தெரியாது, திருத்தம் இருப்பதும் தெரியாது.

ஒருவர் பட்ட பாட்டின் பலன் அடுத்தவருக்குப் போய்ச் சேராமல் நின்றுவிடுகிறது. கோப்பைப் பொதுவில் வைக்க எனக்குத் தெரிந்த முதல் நியாயம் இதுதான். தட்டச்சு செய்யும் நேரம் மிச்சமாவதெல்லாம் அப்புறம்.

*

இந்த எழுத்துப் பிரிப்பு வேலையைத் தமிழில் சிலர் பொதுவில் வைத்திருக்கிறார்கள். ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில் சொல்லை எழுத்துகளாகப் பிரிக்கவும், அகரவரிசையில் அடுக்கவும், எண்ணைத் தமிழ்ச் சொல்லாக்கவும் நிரல்கள் உள்ளன. முத்து அண்ணாமலை தொடங்கிய ‘எழில்’ என்ற தமிழ் நிரல்மொழியும் இந்த நூலகத்தைத்தான் பயன்படுத்துகிறது. ஓப்பன்-தமிழை யாரும் எடுத்துக்கொள்ளலாம், உரிமக் குறிப்பை மட்டும் கூடவே வைத்திருக்க வேண்டும்.

எண்ணைச் சொல்லாக்குவது எளிய வேலை போலத் தோன்றும். 800 எண்ணூறு, 900 மட்டும் தொள்ளாயிரம். 80 எண்பது, 90 தொண்ணூறு. நூறு என்பது அடுத்த எண் வரும்போது நூற்று ஆகிறது. ஆயிரம், ஆயிரத்து ஆகிறது. காசோலையிலும் ரசீதிலும் தொகையை எழுத்தால் எழுதுகிற ஒவ்வொருவரும் இதே படிகளில் ஏறி இதே இடங்களில் தடுக்கி விழ வேண்டுமா? ஒருவர் சரியாக ஏறிவிட்டால் போதாதா?

*

கோப்பைப் பகிர்ந்துகொள்ளும் வழிகளை வரிசையாக எண்ணிப் பார்க்கிறேன்.

மைக்ரோசாஃப்டின் விஷுவல் சோர்ஸ்சேஃப் புழக்கத்தில் இருந்த காலத்தில் ‘ஷேர்’ என்று ஒரு வசதி இருந்தது. ஒரே கோப்பு இரண்டு புராஜெக்டிலும் தெரியும். ஒன்றில் திருத்திச் சேர்த்தால் மற்றதிலும் மாறிவிடும். மாற வேண்டாம் என்றால் ‘பின்’ செய்யலாம்: இந்த வெர்ஷனோடு நிற்கட்டும் என்று ஊசி குத்தி வைப்பது. அடியோடு பிரிந்து போக வேண்டுமென்றால் ‘பிராஞ்ச்’.

விஷுவல் ஸ்டுடியோவில் கோப்பை ‘லிங்க்’காகச் சேர்க்கலாம். கோப்பு தன் இடத்தில் இருக்கும். புராஜெக்டில் அதற்குப் போகும் வழி மட்டும் எழுதியிருக்கும். ‘கிட்’டில் ‘சப்மாடியூல்’: வெளி ரெப்போ உள் ரெப்போவின் ஒரே ஒரு கமிட்டின் அடையாள எண்ணை மட்டும் குறித்து வைத்துக்கொள்கிறது. உள்ளே எவ்வளவு மாறினாலும், அந்த எண்ணை நாம் மாற்றும்வரை நமக்கு எதுவும் மாறாது. கடைசியாக, பேக்கேஜ்: வெர்ஷன் எண் போட்டு வெளியிடுவது, வேண்டியவர் வேண்டிய வெர்ஷனை இழுத்துக்கொள்வது.

கருவிகள் வேறுபட்டாலும் அவை எல்லாம் ஒரே கேள்விக்குத்தான் விடை சொல்கின்றன. அங்கே ஒரு வரி மாறினால் இங்கே அது எப்போது வந்து சேர வேண்டும்? அதை முடிவு செய்வது யார், மாற்றியவரா, பெறுகிறவரா? லிங்க் என்றால் மாற்றியவர் கையில். பின், சப்மாடியூல் என்றால் பெறுகிறவர் கையில். பிரதி என்றால், அந்தக் கேள்வியைக் கேட்கவே யாரும் இல்லை.

*

2002 மார்ச்சில், தரவைச் சுருக்கும் ஸீலிப் என்ற நூலகத்தில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியானது. ஒருமுறை விடுவித்த நினைவகத்தை இரண்டாம் முறையும் விடுவிக்கிற பிழை. நூலகத்தில் அதை அடைப்பது பெரிய வேலையாக இல்லை. ஆனால் எத்தனையோ மென்பொருள்கள் ஸீலிப்பின் மூலக்கோப்புகளைத் தங்களுக்குள்ளேயே பிரதி எடுத்து வைத்திருந்தன. லினக்ஸ் கெர்னலுக்குள்ளும் ஒன்று இருந்தது. பொது நூலகமாக இணைத்தவர்களுக்கு ஒரு திருத்தம் போதுமானதாக இருந்தது. மற்ற இடங்களில் பிரதி எங்கெங்கே இருக்கிறது என்று தேடுவதே வேலையாகிவிட்டது.

டெபியன் லினக்ஸின் கொள்கை ஆவணம், இன்னொரு மென்பொருளின் மூலக்கோப்புகளைப் பிரதி எடுத்து உள்ளே வைத்துக்கொள்ள வேண்டாம், பொதுவில் உள்ளதையே பயன்படுத்துங்கள் என்கிறது. இந்த ஒழுக்கத்துக்கும் எங்கள் தாம்பரம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் உள்ள ஏயு-கேபிசி ஆராய்ச்சி மையமும் சென்னை சி-டாக்கும் சேர்ந்து 2005-ல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. அந்த முயற்சியில் சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. டெபியனில் யாரோ முகம் தெரியாதவர் அடைத்த ஓட்டை, இங்கே ஓர் அரசு அலுவலகத்துக் கணினிக்கும் வந்து சேர வழி இருக்கிறது. பொதுவில் வைத்தவற்றைப் பொதுவிலேயே விட்டுவைத்ததால் கிடைக்கிற வழி அது.

*

இனி எதிர்ப்பக்கம். ஒன்று போலத் தெரிவதெல்லாம் ஒன்றல்ல.

எங்கள் ஊரில் முகவரி எழுதும் நிரலைக் கவனித்தால் இது புரியும். கடை பில், பள்ளிக் கட்டணம், கிளினிக் டோக்கன் என்று எந்த மென்பொருளை எடுத்தாலும் ஓர் ஊர்ப்பட்டியல் இருக்கும். பட்டியல் ஒன்றுதானே, பொதுக் கோப்பாக்கிவிடலாம் என்று கை துறுதுறுக்கும்.

தாம்பரம் அஞ்சலுக்குச் சென்னை – 600045. கிழக்குத் தாம்பரம் 600059. மாவட்டம் என்று கேட்டால் செங்கல்பட்டு; 2019 நவம்பர் வரை காஞ்சிபுரம். உள்ளாட்சி, 2021 நவம்பரிலிருந்து தாம்பரம் மாநகராட்சி. அதற்கு முன் அதே பரப்பில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என 5 நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் முதலிய 5 பேரூராட்சிகளும் இருந்தன. இப்போது 70 வார்டுகள். நாடாளுமன்றத் தொகுதி ஸ்ரீபெரும்புதூர். வண்டிப் பதிவு டி.என். 11.

வீட்டு வாசல் ஒன்றுதான். அதன் முகவரியில் ஒவ்வொரு சொல்லையும் மாற்றும் அதிகாரம் ஒவ்வொரு துறையிடம் இருக்கிறது. அஞ்சல் துறை மாற்றினால் பின்கோடு மாறும், வார்டு மாறாது. வார்டை மறுவரையறை செய்தால் பின்கோடு அசையாது. இவற்றையெல்லாம் ஒரே கோப்பில் ஒரே வரியில் அடைத்துப் பகிர்ந்தால், பள்ளிக்காகச் செய்த திருத்தம் கூரியர் லேபிளைக் கெடுக்கும். மாவட்டம் செங்கல்பட்டு ஆனதும் லேபிளில் ‘சென்னை’யை எடுத்துவிட வேண்டும் என்று நினைப்பவர் இதைத்தான் செய்வார்.

இரண்டு கோப்புகள் இன்று எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கலாம். நாளை எந்தக் காரணத்தால் மாறும் என்று கேட்க வேண்டும். காரணம் ஒன்றென்றால் கோப்பும் ஒன்றாக இருக்கட்டும். காரணம் வேறென்றால் ஒற்றுமை தற்செயல். பிரித்தே வைப்பதுதான் நேர்மை.

*

ஒரே காரணத்தால் மாறுவதற்கு நல்ல உதாரணம் வரி விகிதம். 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டியில் 12, 28 சதவீத அடுக்குகளில் இருந்த பெரும்பாலான பொருள்கள் வேறு அடுக்குகளுக்கு நகர்ந்தன. முடிவெடுத்தது ஒரே மன்றம். நடைமுறைக்கு வந்ததும் ஒரே நாள். விகிதங்களைப் பொதுக் கோப்பில் வைத்திருந்தவர்களுக்கு ஓர் இடத்தில் வேலை முடிந்திருக்கும்.

அங்கேயும் ஒரு நுணுக்கம் உண்டு. பழைய விகிதத்தை அழித்துவிட்டுப் புதியதை எழுதினால், ஆகஸ்டில் போட்ட பில்லை அக்டோபரில் மறுபடி அச்சிடும்போது தொகை மாறிவிடும். அதனால் விகிதத்தோடு ‘எந்தத் தேதி முதல்’ என்பதையும் எழுத வேண்டும். மாவட்டமும் அப்படித்தான். 2018-ல் கொடுத்த சான்றிதழின் நகலில் காஞ்சிபுரம் என்று இருப்பதே உண்மை. பொதுக் கோப்பைப் பார்த்துக்கொள்பவர், அதைப் பயன்படுத்துகிறவர்களின் நேற்றையும் பார்த்துக்கொள்கிறார்.

*

2016 மார்ச் 22 அன்று ஜாவாஸ்கிரிப்ட் உலகில் லெஃப்ட்-பேட் என்ற சிறு பேக்கேஜ் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து நீக்கப்பட்டது. ஒரு சொல்லின் இடப்பக்கம் வேண்டிய அளவு இடைவெளி சேர்க்கும் 11 வரி. வேறொரு பேக்கேஜின் பெயரைப் பற்றிய சச்சரவில் மனம் கசந்து, எழுதியவரே தன்னுடையதையெல்லாம் எடுத்துவிட்டார். அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான புராஜெக்டுகளின் பில்டு நின்றது. தாங்கள் அதை நம்பியிருக்கிறோம் என்பதே அவர்களில் பலருக்கு அன்றுதான் தெரிந்தது. சில மணி நேரத்தில் பேக்கேஜ் திரும்ப வந்தது. பிறகு நீக்கும் விதிகளையும் இறுக்கினார்கள்.

பிரதியே மேல் என்று சிலர் இதிலிருந்து முடிவுக்கு வருகிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. குறை பொதுவில் வைத்ததில் இல்லை. எழுதியவர் இல்லாதபோது பொறுப்பேற்க இன்னொருவர் அங்கே இல்லை. பயன்படுத்தியவர்களும் அது யாருடையது என்று திரும்பிப் பார்த்திருக்கவில்லை.

*

செம்பாக்கம் ஏரி நிரம்பினால் உபரி நீர் அங்கேயே நிற்பதில்லை. கீழே உள்ள ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கிப் போகிறது. மேல் ஏரியின் கலங்கலில் கை வைப்பவருக்குக் கீழே யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். பொதுக் கோப்பில் ஒரு வரியை மாற்றுபவருக்கும் அதே கடமை.

அலுவலகங்களில் ‘காமன்’ என்று பெயரிட்ட ஃபோல்டர்களைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். எங்கே வைப்பதென்று தெரியாததெல்லாம் அங்கே வந்து சேர்ந்திருக்கும். ‘இது யார் பொறுப்பு?’ என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். உடைந்துவிடும் என்ற பயத்தில் யாரும் தொடுவதில்லை. ஒரு பிரதி எடுத்துத் தன் புராஜெக்டில் திருத்திக்கொள்கிறார்கள். பொதுவில் வைத்தும் பிரதிகள் பெருகுவது இப்படித்தான்.

ஆகவே ஒரு கோப்பைப் பொதுவில் வைப்பதற்கு முன் அதன் தலையில் மூன்று வரி எழுதச் சொல்வேன். இது எந்தக் காரணத்துக்காக மட்டும் மாறும். மாற்ற வேண்டுமென்றால் யாரைக் கேட்க வேண்டும். இப்போது யாரெல்லாம் இதைப் பயன்படுத்துகிறார்கள். முதல் வரியை எழுத முடியாவிட்டால் கோப்பைப் பிரிக்க வேண்டும். இரண்டாம் வரியில் ஒரு பெயர் வராவிட்டால் அது இன்னும் பொதுவுக்கு வரத் தயாராகவில்லை. மூன்றாம் வரி வளர வளர, நம்மைத் தெரியாத யாருக்கோ நம் உழைப்பு பயன்படுகிறது. அவர்களுக்காக ஒரு திருத்தத்தை இன்னொரு முறை சோதித்துப் பார்த்துவிட்டுச் சேர்ப்பதைச் சுமையாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை. இந்தத் தொழிலில் அடுத்தவருக்குக் காட்டக்கூடிய மரியாதைகளில் அது பெரியது.