தண்டச்சோறும் ஒரு குட்டி நண்டும்

ஓம் சரவணபவ! 

இன்னைக்கு கொஞ்சம் வேற மாதிரி ஒரு விஷயம் பேசலாம். கேள்வி ஒண்ணுதான். இன்னொருத்தர் நிழல்ல, இன்னொருத்தர் சோத்துல வாழ்றது தப்பா?

படிக்கிற உங்கள்ல பாதி பேருக்காவது "தண்டச்சோறு"ங்கிற வார்த்தை பழக்கமா இருக்கும். படிப்பு முடிஞ்சு ஆறு மாசம் வேலை கிடைக்கலன்னா போதும், யாராவது ஒருத்தர் வாயில இருந்து வந்துரும். என் ஃப்ரெண்ட் ஒருத்தன், இன்ஜினியரிங் முடிச்சு ரெண்டு வருஷமா வேலை தேடிட்டு இருக்கான். வீட்ல யாரும் அவனை ஒரு வார்த்தை சொன்னதில்ல. ஆனா அவனா ஒரு பழக்கம் வச்சிருக்கான். எல்லாரும் சாப்பிட்டு முடிச்ச அப்புறம்தான் தட்டு எடுப்பான். மீன் துண்டு மீதி இருந்தாலும் குழம்பு மட்டும் ஊத்திக்குவான். "நான் ஒரு ஒட்டுண்ணிடா"ன்னு ஒரு நாள் சொன்னான். அதுல இருந்து இந்தக் கேள்வி என்னை விடவே இல்ல.

ஒட்டுண்ணின்னு அவன் சொன்னதால, நிஜ ஒட்டுண்ணியில இருந்தே ஆரம்பிப்போம். எங்க ஊர் வீராம்பட்டினம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் அரியாங்குப்பம் ஆறு. நண்டுன்னா எங்களுக்கு குழம்பு, இல்லன்னா ஏலம். ஆனா கடல்ல யாரும் விலை பேசாத குட்டி நண்டுகள் நிறைய இருக்கு. அதுல ஒரு வகை சிப்பிக்குள்ள, ஆளிக்குள்ள வாழும். பட்டாணி அளவுதான், பெருசா போனா சுண்டுவிரல் நகம் அளவு. பெண் நண்டுக்கு ஓடுகூட கெட்டியா இருக்காது, மெத்துன்னு இருக்கும். சிப்பியோட ஓடே அதுக்கு வீடு, சிப்பி சேர்க்கிற சாப்பாடே அதுக்கு சாப்பாடு.

இந்த மாதிரி நண்டைப் பத்தி 2300 வருஷத்துக்கு முன்னாடியே அரிஸ்டாட்டில் எழுதிட்டார். பின்னான்னு ஒரு பெரிய சிப்பி, அதுக்குள்ள ஒரு காவல்காரன் இருக்கான், அவன் போயிட்டா சிப்பி சீக்கிரம் செத்துடும்னு சொன்னார். அப்புறம் வந்த ஸ்டோயிக் தத்துவ ஞானிகள் இதை ஒரு உதாரணமாவே எடுத்துக்கிட்டாங்க. கிரிசிப்பஸ் பேசினார், ரோமானியர் சிசரோவும் எழுதினார். கதை இதுதான்: சிப்பிக்கு கண்ணு கிடையாது. அது வாயைத் திறந்து வைக்கும், சின்ன மீன் உள்ள வரும், காவல்காரன் ஒரு கடி கடிச்சு சிக்னல் குடுப்பான், சிப்பி படக்குன்னு மூடிக்கும், ரெண்டு பேரும் பங்கு போட்டு சாப்பிடுவாங்க. ஒருத்தருக்கொருத்தர் உதவி வாழணும்னு இயற்கையே சொல்லுது பாருங்கன்னு அவங்க முடிப்பாங்க.

சிசரோ செத்து சில தலைமுறைக்குள்ள, அதே ரோமானிய உலகத்து மண்பாண்டங்கள் எங்க ஊருக்குப் பக்கத்துல அரிக்கமேட்டுல வந்து இறங்கிச்சு. 1945-ல வீலர் தோண்டினப்போ கிடைச்சதுல அதுவும் இருந்துச்சு. அந்தக் கப்பல்ல வந்த எவனாவது ஒருத்தன் நம்ம ஆத்தங்கரையில சிப்பியைப் பிளந்து, உள்ள நண்டைப் பார்த்து இந்தக் கதையைச் சொல்லியிருப்பானான்னு நான் அடிக்கடி நினைச்சுப் பார்ப்பேன்.

கதை அழகா இருக்கு. ஆனா நடக்கிறது வேற. சிப்பி தண்ணியை இழுத்து, செவுள்ல வடிகட்டி, அதுல ஒட்டுற இரையைச் சளியில சுத்தி வாய்க்கு அனுப்பும். நண்டு செவுள் பக்கத்துல உட்கார்ந்து, போற வழியிலேயே அந்த இரையைச் சுரண்டி எடுத்துக்கும். செவுள் புண்ணாகும். நண்டு இருக்கிற சிப்பியில சதை குறைவா இருக்கிறதையும் பார்த்திருக்காங்க. ஸ்டோயிக்குகள் பாராட்டின காவல்காரன், உயிரியல்காரங்க கணக்குல திருடன்.

அப்போ என் ஃப்ரெண்ட் சொன்னது சரியா? சோறு வாங்குறவன் எல்லாம் ஒட்டுண்ணியா?

அவசரப்பட வேண்டாம். நம்ம திருச்செந்தூர் கடலுக்குப் போவோம். முருகன் சன்னதி முன்னாடி அலை அடிக்குதே, அது மன்னார் வளைகுடா. அந்த வளைகுடாவுல பவளப்பாறைகள் இருக்கு. கிளை கிளையா பூங்கொத்து மாதிரி வளர்ற ஒரு பவளத்துக்குள்ள டிரபீசியான்னு ஒரு குட்டி நண்டு, பெரும்பாலும் ஜோடியா வாழும். அதுவும் வாடகை குடுக்காது. பவளம் கசியிற சளியையும் கொழுப்பையும்தான் சாப்பிடும். சாதாரண நாள்ல போய்ப் பார்த்தா, "சும்மா உட்கார்ந்து திங்குது"ன்னுதான் சொல்வீங்க.

பசிபிக் கடல்ல என்ன பார்த்தாங்கன்னா, பவளத்தைத் தின்னுற பெரிய முள் நட்சத்திர மீன் வந்து ஏறினா, இந்தக் குட்டி நண்டு அதோட குழாய்க்கால்களைக் கிள்ளி, உலுக்கி, விரட்டப் பார்க்கும். அளவுல யானைக்கும் எலிக்கும் உள்ள வித்தியாசம், இருந்தும் ஓடாது. மொரேயா தீவுல பவளத்துல இருந்து நண்டுகளை எடுத்துட்டுப் பார்த்த ஆய்வு 2006-ல வந்தது. நண்டு இல்லாத பவளங்கள் மேல மண் படிஞ்சு, ஒரு மாசத்துக்குள்ளேயே நிறைய செத்துப் போச்சு. தினமும் கூட்டிப் பெருக்கிட்டு இருந்தது அந்தத் "தண்டச்சோறு"தான்!

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. இந்த நண்டு கூட இருந்தா பவளம் அந்தக் கொழுப்பு உருண்டையை அதிகமாவே உண்டாக்குதுன்னு 1990-ல ஒரு ஆய்வு சொல்லுது. வீட்டுக்கு ஆள் வந்தா நம்ம அம்மா உலையில ஒரு கை அரிசி கூடப் போடுற மாதிரி.

இப்போ ரெண்டு நண்டையும் பக்கத்துல வையுங்க. ரெண்டுமே இன்னொருத்தர் வீட்ல இருக்கு, ரெண்டுமே இன்னொருத்தர் சோறு திங்குது. ஒண்ணு செவுளைப் புண்ணாக்குது, இன்னொண்ணு தானா கசியிறதை எடுத்துக்குது. அதனால "நீ எவ்வளவு சம்பாதிக்கிற?"ங்கிறது முதல் கேள்வி ஆகாது. "நீ எதைத் திங்குற?"ங்கிறதுதான் முதல் கேள்வி.

நம்ம வாழ்க்கையில வச்சுப் பாருங்க. வேலை தேடுற பையனுக்கு அம்மா ஊத்துற குழம்பு பவளத்தோட கசிவு மாதிரி. அவங்க எப்படியும் சமைப்பாங்க, ஒரு கை கூடப் போடுவாங்க, அதுல அவங்க உயிர் குறையாது. ஆனா மீன் கூடை தூக்கி வித்து அம்மா சேர்த்த சீட்டுப் பணத்தை எடுத்து ஆன்லைன்ல ரம்மி ஆடுறான் பாருங்க, அவன் கடிக்கிறது செவுள். அவன் மாசம் முப்பதாயிரம் சம்பாதிச்சாலும் ஒட்டுண்ணிதான். என் ஃப்ரெண்ட் பத்து பைசா சம்பாதிக்காட்டியும் ஒட்டுண்ணி இல்ல. காலையில தங்கச்சியை பஸ் ஏத்தி விடுறவன், பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் குடுக்கிறவன் அவன்தான். அதை யாரும் கணக்குல எழுதல, அவ்வளவுதான்.

குடுக்கிறவங்க பக்கமும் ஒரு எச்சரிக்கை இருக்கு. இன்னொரு நண்டு, பேரு லிபியா. ரெண்டு கொடுக்குலயும் ஆளுக்கொரு குட்டி கடல் சாமந்தியைப் பிடிச்சுக்கிட்டு, பாக்ஸிங் க்ளவுஸ் மாதிரி ஆட்டும். பார்க்க நல்ல நட்பு மாதிரி தெரியும். செங்கடல்ல ஆராய்ஞ்சவங்க பார்த்தது என்னன்னா, சாமந்தி பிடிக்கிற இரையை நண்டு பிடுங்கித் தின்னுட்டு, அதை வளர விடாம சின்னதாவே வச்சிருக்கு. ஒரு சாமந்தி தொலைஞ்சு போனா, இருக்கிறதை ரெண்டா கிழிச்சு வச்சுக்கும். "நான்தான உனக்கு இடம் குடுத்தேன்"னு சொல்லிச் சொல்லி ஆளைச் சின்னதாவே வச்சிருக்கிற வீடு உண்டு, காதல் உண்டு, ஆபீஸும் உண்டு. ஐடியில இருக்கிறவங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்ல. நிழல் குடுக்கிறவர் அந்த நிழல்ல செடி வளருதான்னும் பார்க்கணும்.

வளர்ந்தா என்ன ஆகும்? அதுக்கும் ஒரு நண்டு இருக்கு. சிலுவை நண்டு மார்க்கெட்ல பார்த்திருப்பீங்க, முதுகுல சிலுவை மாதிரி கோடு இருக்கும். அது குஞ்சா இருக்கும்போது ஜெல்லி மீன் மேல, நாம சொறின்னு சொல்றோமே, அதுமேல ஒட்டிக்கிட்டுப் பயணம் பண்றதைப் பல கடல்கள்ல பார்த்திருக்காங்க. பெருசானதும் இறங்கி தன் வழிக்குப் போயிடும். ஏறினதுல அவமானம் ஒண்ணும் இல்ல. இறங்க வேண்டிய நேரத்துல இறங்கணும், அவ்வளவுதான்.

இங்க ஒருத்தர் கேட்கலாம். "சரிப்பா, அந்த டிரபீசியா ஏதோ ஒரு நாள் சண்டை போடுது, தினமும் பெருக்குது. படுத்த படுக்கையா இருக்கிற தாத்தா என்ன பண்ணுவார்? எதையும் திருப்பிக் குடுக்க முடியாதவங்க?" நியாயமான கேள்வி. நண்டுக்கணக்கு இதுக்குப் பதில் சொல்லாது. கடல்ல பிரயோஜனம் இருந்தா நட்பு, இல்லன்னா ஒட்டுண்ணி. மனுஷன் அதையே சட்டமா எடுத்துக்கிட்டா தாத்தாவை வெளியதான் வைக்கணும்.

ஆனா அந்த ஒட்டுண்ணிங்கிற வார்த்தைக்கே ஒரு பழைய கதை இருக்கு. அதோட ஆங்கில வார்த்தை பாரசைட். மூலம் கிரேக்கம், "பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடுறவர்"னு அர்த்தம். பழைய ஏதென்ஸ்ல அது ஒரு கோயில் பொறுப்போட பேரு. சாமிக்குப் படைச்ச சாப்பாட்டைப் பூசாரிகளோட உட்கார்ந்து சாப்பிடுறவங்களை அப்படிக் கூப்பிட்டாங்க. பின்னாடி நாடகக்காரங்க அதை ஓசிச்சோறு ஆளுக்கு வச்சுட்டாங்க. அதாவது, நம்ம ஊர் அன்னதானப் பந்தியில உட்கார்ற மரியாதையான வார்த்தைதான் வசையா மாறிப்போச்சு. பந்தியில யாரும் யாரையும் "நீ என்ன குடுத்த?"ன்னு கேட்கிறதில்ல. முருகன் வீட்ல நாம எல்லாருமே அப்படிப்பட்ட பாரசைட்தான். நீங்க உண்டியல்ல போட்ட பத்து ரூபாய்க்கா அவன் மழை அனுப்புறான்?

அவன் பண்ணினதையே பாருங்களேன். கடலுக்கு நடுவுல மாமரமா நின்ன சூரனை வேல் ரெண்டா பிளந்துச்சு. ரெண்டையும் அவன் தூக்கி எறியல. ஒண்ணு மயிலாச்சு, ஒண்ணு சேவலாச்சு. எதிரிக்கே இடம் குடுத்தான், இடம் குடுத்ததோட ஒரு வேலையும் குடுத்தான். ஒண்ணு சுமக்குது, ஒண்ணு கொடியில நின்னு கூவுது. முதல்ல இடம், அப்புறம்தான் வேலை. இந்த வரிசையைக் கவனிங்க. வேலை செஞ்சாதான் இடம்னு அவன் சொல்லல. முடிஞ்சவங்களுக்கு வேலை தன்னால வந்து சேரும். முடியாத தாத்தாவுக்கு இடம் மட்டும் போதும்.

எங்க ஊர்ல ஆடி மாசம் செங்கழுநீர் அம்மன் தேர். பிரெஞ்சுக்காரங்க காலத்துல கவர்னர் வந்து வடம் பிடிச்சு ஆரம்பிச்ச வழக்கம், இன்னைக்கும் துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வந்து இழுக்கிறாங்க. அவங்களோட ஆயிரக்கணக்கான கை. அதுல யார் எவ்வளவு இழுத்தாங்கன்னு எந்த ஆப்பும் அளக்க முடியாது. சின்னப் பசங்க வடத்தைத் தொட்டுட்டு "நான்தான் இழுத்தேன்"னு சொல்லும், யாரும் மறுக்க மாட்டாங்க. நடக்க முடியாத பாட்டி தள்ளி நின்னு கும்பிடுவாங்க, தேர் அவங்களுக்கும் வரும். ஆனா திடமான கை இருக்கிற அத்தனை பேரும் சும்மா தொட்டுக்கிட்டு மட்டும் நின்னா தேர் ஒரு அடி நகராது. ரெண்டுமே உண்மை.

அதனால வேலை தேடிட்டு இருக்கிற தம்பி, தங்கச்சிக்கு ஒரு விஷயம். தட்டை எல்லாரோடயும் சேர்ந்தே எடுங்க, மீன் துண்டையும் போட்டுக்கோங்க. செவுளைக் கடிக்காதீங்க. வீட்ல எந்த இடத்துல மண் படியுதுன்னு பார்த்து, அதைத் துடைக்கிற ஆளா இருங்க. சம்பாதிக்க ஆரம்பிச்சவங்களுக்கும் ஒண்ணு. அந்த வார்த்தையை இனிமே யாரையும் பார்த்துச் சொல்லாதீங்க, விளையாட்டுக்குக்கூட.

யாருக்கு இது தேவைப்படும்னு தோணுதோ, அவங்களுக்கு அனுப்புங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!