வென்றால்தான் உரிமையா?

"வலிமையில் ஆணை வென்று காட்டட்டும், பிறகு பெண் சமத்துவம் கேட்கட்டும்!" என்று பேசுவோர் இன்றும் உளர். அவர்கள் முன் அமெரிக்க டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங்கின் வரலாற்றை வைக்கிறோம்.

1972-இல் அமெரிக்க ஓப்பன் பட்டம் வென்ற அவருக்குப் பரிசு 10,000 டாலர். ஆடவர் பட்டம் வென்றவருக்கோ 25,000! ஒரே களம், ஒரே விழா. பரிசில் மட்டும் ஏன் இந்தப் பாகுபாடு? 'நமக்குக் கிடைத்தது போதும்' என்று அவர் ஒதுங்கினாரில்லை. சமப் பரிசு இன்றேல் அடுத்த ஆண்டு ஆடோம் என்றார். 1973-இல் வீராங்கனையரைத் திரட்டிச் சங்கம் கண்டார். அவ்வாண்டே அமெரிக்க ஓப்பன் சமப் பரிசு தந்தது. கோப்பையை உயர்த்துவது வெற்றி. உடன் நிற்போரை உயர்த்துவதே தலைமை!

அதன் பிறகே, செப்டம்பர் 20 அன்று, பெண்களின் ஆட்டத்தை எள்ளி நகையாடிய 55 வயது பாபி ரிக்சை, 29 வயது கிங் 6-4, 6-3, 6-3 என வீழ்த்தினார். உலகம் கைதட்டியது. நாமும் மகிழ்கிறோம். ஆனால் கேட்கிறோம்: அவர் தோற்றிருந்தால்? பெண்ணின் உரிமை செத்திருக்குமா?

எடை குறைந்த குத்துச்சண்டை வீரன் எடை மிகுந்தவனிடம் தோற்கலாம். அதனால் அவன் பெற்ற பட்டம் பொய்யாகுமா? உடல் வலிமையில் வேற்றுமை இருக்கலாம். மனித மதிப்பில் வேற்றுமை ஏது?

விம்பிள்டன் சமப் பரிசு தந்தது 2007-இல்தான். 34 ஆண்டுக் காத்திருப்பு! தோழர்களே, உரிமை பந்தயப் பொருளன்று, வென்றால் பெறவும் தோற்றால் இழக்கவும். அது பிச்சையுமன்று, பிறர் மனமிரங்கும்வரை கையேந்தி நிற்க!