அணையடியில் காத்திருந்த மீன்கள்



வீடு சந்திக்கப் போகிற இடங்களிலெல்லாம் ஒரே பேச்சு காதில் விழுகிறது. “அவர்களாகத்தானே போனார்கள், சாமி! மனமிருந்தால் அவர்களாக வரட்டும். கோவில் கதவு திறந்துதானே இருக்கிறது?” அண்ணன் தம்பியைப் பற்றி இப்படிச் சொல்கிறான். மாமியார் மருமகளைப் பற்றிச் சொல்கிறாள். ஊர்ப் பெரியவர்கள் பூசைக்கு வராமல் நின்றுபோன குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறார்கள். நானும் சொன்னவன்தான். அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் ஒரு மீனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சால்மன் என்ற மீனை உங்களில் சிலர் தகர டப்பாவில் பார்த்திருப்பீர்கள். அது குளிர் தேசத்து ஆறுகளின் மேற்பகுதியில், கூழாங்கற்களுக்கு இடையே பிறக்கிறது. குஞ்சு சற்றுப் பெரிதானதும் ஆற்றோடு இறங்கிக் கடலுக்குப் போய்விடும். கடலில் சில ஆண்டுகள் வளர்ந்து, முட்டையிடும் பருவம் வந்ததும் தான் பிறந்த ஆற்றையே தேடித் திரும்பும். பிறந்த நீரின் வாசனையை அது மறப்பதில்லை என்று ஆர்தர் ஹாஸ்லர் என்னும் அமெரிக்க விஞ்ஞானி 1950-களில் ஆராய்ந்து எழுதினார். ஆற்றுக்குள் நுழைந்தபின் அது இரை எடுப்பதில்லை. உடம்பிலுள்ள கொழுப்பையே செலவழித்து வெள்ளத்தை எதிர்த்து ஏறுகிறது. பசிபிக் கடலைச் சேர்ந்த சால்மன்களில் பெரும்பாலானவை முட்டையிட்ட கையோடு செத்தும் போகின்றன. அந்தச் சிறிய தலைக்குள் சர்வேசுரன் இவ்வளவு பெரிய ஞாபகத்தை வைத்திருக்கிறார்!

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஒலிம்பிக் மலைகளில் பிறந்து கடலில் விழும் எல்வா என்றோர் ஆறு உண்டு. கிளாலம் என்ற பூர்வீகக் குடிகள் தலைமுறை தலைமுறையாக அதன் மீனை உண்டு வாழ்ந்தவர்கள். மின்சாரத்துக்காக அந்த ஆற்றின் குறுக்கே 1913-ல் ஓர் அணை கட்டி முடித்தார்கள். கடலிலிருந்து அது 5 மைல் தூரங்கூட இல்லை. அதற்கு மேலே 1927-ல் 210 அடி உயரத்தில் கிளைன்ஸ் கான்யன் அணையும் எழுந்தது. மீன் ஏறுவதற்கு வழி விட்டே அணை கட்ட வேண்டும் என்று அந்த மாநிலத்தில் அப்போதே சட்டம் இருந்தது. வழி விடவில்லை. அதற்குப் பதிலாக அணைக்குக் கீழே ஒரு குஞ்சு பொரிப்பகம் அமைத்தார்கள். சில ஆண்டுகளில் அதையும் கைவிட்டார்கள். மேலே 70 மைலுக்கு மேற்பட்ட ஆறும் ஓடைகளும் சும்மா கிடந்தன. கடலிலிருந்து வந்த மீன்கள் சுவரில் முட்டிக்கொண்டு, கீழே எஞ்சிய அந்தச் சிறு துண்டு ஆற்றில் முட்டையிட்டு மடிந்தன. அப்படியே ஏறக்குறைய நூறு வருஷம்.

சகோதரரே, அந்த மீன்களைப் பார்த்து, “மனமிருந்தால் வரட்டும்” என்று யார் சொல்வார்கள்?

அணைகளை எடுத்துவிட்டு ஆற்றைச் சீர்ப்படுத்துவதற்கு வழிசெய்யும் சட்டம் 1992-ல் நிறைவேறிற்று. இடிக்கத் தொடங்கியதோ 2011 செப்டம்பரில். நடுவே 19 வருஷம் ஓடிப்போயிற்று. திட்டம் முழுவதற்கும் ஏறக்குறைய 32 கோடி டாலர் ஆயிற்று. இடித்த கூலி அதில் சிறு பங்குதான். கலங்கி வரப்போகிற தண்ணீரைக் கீழேயுள்ள ஊர் குடிப்பதற்குத் தெளியவைக்கும் ஏற்பாடுகளுக்கு அதைவிடப் பன்மடங்கு செலவு. ஒரே வெடியில் தகர்க்கவுமில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி இறக்கினார்கள். மீன் ஏறும் மாதங்களில் வேலையை நிறுத்திக் காத்திருந்தார்கள். கீழணை 2012 மார்ச்சில் போயிற்று. மேலணையின் கடைசித் துண்டு 2014 ஆகஸ்டில் போயிற்று.

போனவுடன் ஆறு தெளிந்துவிட்டதா? இல்லை. அணைகளுக்குப் பின்னால் நூறு வருஷமாகப் படிந்து கிடந்த ஏறக்குறைய 2 கோடி கன மீட்டர் மண்ணிலும் சேற்றிலும் பெரும்பகுதி புறப்பட்டு வந்தது. ஆறு காப்பி நிறத்தில் ஓடிற்று. ‘அணை இருந்தபோது தண்ணீராவது தெளிவாக இருந்ததே!’ என்று பார்ப்பவர் நினைத்திருக்கக்கூடும். ஆனால் அதே மண் கடல் முகத்தில் போய்ப் படிந்து, அரித்துப்போன கரையிலே புதிய மணல்வெளியை உண்டாக்கிற்று. மேலணை இருந்த இடுக்கிலோ, சுவர் போன பிறகும் பெரும் பாறைகள் விழுந்து கிடந்து வழியை மறித்தன. அவற்றையும் பிறகு வெடிவைத்து உடைக்க வேண்டியிருந்தது.

மீன்கள் வந்தன. கீழணை போன அதே 2012-ல் அது இருந்த இடத்தைத் தாண்டி ஏறின. மேலணை முற்றிலும் நீங்கிய சில வாரங்களுக்குள்ளேயே அதற்கும் மேலே சால்மனைக் கண்டார்கள். அந்த மேலாற்றில் அவற்றின் தாயோ பாட்டியோ பிறந்ததில்லை. எந்த வாசனை அவற்றை அழைத்தது என்று கேட்பீர்கள். கூட்டத்தில் எப்போதும் சில மீன்கள் பிறந்த இடத்தோடு நில்லாமல் இன்னும் மேலே ஏறிப் பார்க்குமாம். வழி தெரிந்தவை அல்ல அவை, தேடுகிறவை.

இதைவிட என் மனத்தைத் தொட்டது வேறொன்று. நீலகிரி ஓடைகளில் வெள்ளைக்காரர் கொண்டுவந்து விட்ட டிரவுட் மீனைச் சிலர் அறிந்திருப்பீர்கள். அந்த ரெயின்போ டிரவுட் இனத்தில் கடலுக்குப் போய்ப் பெருத்துத் திரும்பும் வகைக்கு ஸ்டீல்ஹெட் என்று பெயர். எல்வாவில் அணைகளுக்கு மேலே அகப்பட்டுக்கொண்ட டிரவுட்டுகள் தலைமுறை தலைமுறையாகக் கடலையே காணாமல் சிறுமீன்களாக ஆற்றில் வாழ்ந்தன. சுவர் விழுந்ததும் அவற்றின் வழிவந்தவை கடலுக்கு இறங்கின. கோடைகாலத்தில் ஏறி வரும் ஸ்டீல்ஹெட் அந்த ஆற்றில் இல்லாமலே போயிற்று என்று நினைத்திருந்தார்கள். அவை மறுபடி வந்தன. கடல் அவற்றின் இரத்தத்தில் அழியாமல் இருந்திருக்கிறது.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டதென்று சொன்னால் பொய்யாகும். பெரிய சால்மன்களில் இன்னும் பெரும்பாலானவை பொரிப்பகத்தில் பிறந்தவையே. கிளாலம் மக்கள் ஆறு தேறட்டும் என்று பல ஆண்டுகள் வலை போடாமல் பொறுத்திருந்து, 2023-ல்தான் சிறிதளவு பிடித்து உண்டார்கள். தெற்கே கிளாமத் ஆற்றில் நான்கு அணைகளை எடுத்து முடித்தது 2024-ல். அந்த அக்டோபரிலேயே சால்மன்கள் அணைகள் இருந்த இடத்தைக் கடந்து ஏறின.

மீன் மீன்தான். அதற்கு ஆத்துமமும் இல்லை, பாவமும் இல்லை. உவமையை அதிகம் இழுத்தால் கிழியும். ஆனாலும் இதை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

குருப்பட்டம் பெற்ற புதிதில் நான் இருந்த ஒரு கிராமத்தில், ஒருவருடைய தாயார் இறந்துபோனாள். மூன்று வருஷக் கோவில் வரி பாக்கி. ஒழுங்கு என்றால் ஒழுங்கு என்று அந்த வயதில் எனக்கு ஓர் எண்ணம். “பாக்கியைக் கட்டிவிட்டு வாருங்கள், மணி அடிக்கச் சொல்கிறேன்” என்றேன். உபதேசியார் என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்த மனிதர் மனைவியின் தோட்டை அடகு வைத்துப் பணம் கொண்டுவந்தார். நான் ரசீது எழுதிக் கொடுத்தேன். பிரேதம் வீட்டில் கிடக்க, உட்கார்ந்து ரசீது எழுதிக் கொடுத்தேன். அடக்கம் முடிந்தது. அதற்குப்பின் அவர் கோவில் வாசல் மிதிக்கவில்லை. ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்டுக்குக் காலண்டர் அனுப்பிக்கொண்டிருந்தேன். என் பொரிப்பகம் அது!

சென்ற மாதம் அந்த ஊருக்குப் போனேன். திண்ணையில் நின்றபடியே, “ஐயா, நான் செய்தது பாவம். மன்னிப்புக் கேட்க வந்தேன்” என்றேன். அவர் மன்னித்துவிட்டார் என்று நினைக்கிறீர்களா? ஒரு மணி நேரம் பேசினார். பதினேழு வருஷத்துச் சேறு. தொகையை நான் மறந்திருந்தேன், அவர் மறக்கவில்லை. நடுவில் இரண்டு தடவை எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. தேவமாதா காப்பாற்றினாள், உட்கார்ந்திருந்தேன்.

அப்போது உள்ளிருந்து அவருடைய பேத்தி காப்பி கொண்டுவந்தாள். ஏழு வயதிருக்கும். கோவிலை வெளியிலிருந்து மட்டும் பார்த்த பிள்ளை. டம்ளரை வைத்துவிட்டு, என் அங்கியைக் கண்டதும் சரியாகச் சிலுவை வரைந்துகொண்டாள். தாத்தா திகைத்துப் போனார். “யாரம்மா சொல்லிக் கொடுத்தது?” என்று கேட்டார். “பாட்டிதான், ராத்திரி படுக்கப்போகும்போது” என்றாள். நிலைப்படியில் நின்றிருந்த அவர் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். காதில் தோடு இல்லை.

நான் புறப்பட்டபோது அவர் போய்வாருங்கள் என்று சொல்லவில்லை. ஆனால் பஸ் நிற்குமிடம் வரை கூடவே நடந்து வந்தார். பஸ் வர வெகு நேரமாயிற்று. அவரும் போகாமல் நின்றுகொண்டிருந்தார். தபசு காலம் தொடங்குமுன் மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறேன். அங்குள்ள பங்குச் சுவாமியாருக்கும் எழுதிவிட்டேன்.