நட்டவள் யார்?

விளைச்சல் எவ்வளவு என்று கேட்பது சுலபம். நட்டவள் யார் என்று கேட்கத்தான் ஆள் வேண்டும்.

அமெரிக்க மானுடவியலர் ஜோன் மென்ச்சர் 1960-களில் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்து நெல் கிராமங்களில் கேட்டது இந்த இரண்டாவது கேள்வியை. காஞ்சிபுரமும் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. ஒருவர் பெயரில் பட்டா, இன்னொருவர் கையில் நாற்றுமுடி. இடையில் உள்ள தூரத்தை அவர் பல ஆண்டுகள் அளந்தார். தமிழக வேளாண்மை, சமூக அமைப்பு பற்றிய அவருடைய நூல் 1978-ல் வந்தது. 1982-ல் கே. சாரதாமணியுடன் சேர்ந்து நெல் வயலில் கூலிக்கு உழைக்கும் பெண்களைப் பற்றி எழுதினார். கட்டுரைத் தலைப்பிலேயே சேற்றுக் கால்கள்!

பட்டுக்கும் கோயிலுக்கும் காஞ்சிக்கு வருபவர்கள் முசரவாக்கம் போன்ற நெல் கிராமங்கள் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் பச்சைதான் கண்ணில் படும். குனிந்த முதுகு நிமிராமல், முடியிலிருந்து இரண்டு மூன்று நாற்றைப் பிரித்து, விரல் நுனியால் சேற்றில் அழுத்தி, ஓரடி பின்னால் நகர்கிற வேலை அந்தப் பச்சைக்குள் மறைந்துவிடுகிறது. வேலைத்திறன் என்று இதை யாரும் சொல்வதில்லை, தறியில் உட்கார்ந்தால் மட்டும் கலை.

மென்ச்சர் வயல்களில் நின்ற அந்த ஆண்டுகளில் வீரிய நெல் ரகங்கள் வந்தன. ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பது பதிவேட்டில் ஏறியது. நட்டவள் வீட்டு உலைக்கு அதில் எத்தனை படி போயிற்று என்று எழுத அங்கே கட்டம் இல்லை. மென்ச்சர் நிரப்பப் பார்த்தது இல்லாத அந்தக் கட்டத்தை.