இது என்ன கிராஸ்?

முத்தையாபுரத்தைச் சுற்றியுள்ள சாலைகளில் இரவு பகலாக லாரி ஓடும். துறைமுகத்துக்குப் போகிறவை, உப்பு ஏற்றி வருகிறவை. சாலையோரம் ஈன்ற நாயின் குட்டிகளில் எத்தனை மிஞ்சும் என்பது அந்தந்த வாரத்து லாரிகளைப் பொறுத்தது. யாராவது ஒரு காலேஜ் பையனோ, உப்பளத்து வேலைக்குப் போய்வரும் அக்காவோ மிஞ்சியதில் ஒன்றைத் தூக்கிவந்து, அட்டைப்பெட்டியில் சாக்கை விரித்து உட்காரவைத்து, படம் எடுத்து வாட்ஸப்பில் போடுவார்கள். 'குட்டி ஒண்ணு இருக்கு, யாருக்காச்சும் வேணுமா?' கொஞ்ச நேரத்தில் இரண்டு கேள்விகள் வந்துவிடும். 'என்ன ஜாதி? ஏதும் கிராஸா?' அடுத்தது, 'கடுவனா, பொட்டையா?'

இரண்டாவது கேள்விக்குக் குட்டியைப் புரட்டிப் பார்த்தால் பதில் தெரியும். முதல் கேள்விக்குப் பதில் சொல்வது அத்தனை லேசில்லை. ஆனாலும் எல்லாரும் சொல்வார்கள். காது மடங்கியிருந்தால் லேப் கிராஸ். கறுப்பும் பழுப்புமாக இருந்தால் டாபர்மேன் கிராஸ். வெள்ளையாக, மூக்கு கொஞ்சம் சிவந்திருந்தால் ராஜபாளையம். விவரம் தெரிந்தவர் என்று பேர் வாங்கிய ஒரு அண்ணாச்சி நகத்தை எண்ணிப் பார்த்து, பின்னங்காலில் கூடுதல் நகம் இருந்தால் 'இருபது நகம்டே, விட்றாத' என்பார்.

கேட்பவர்களைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு உள்ள வாடகை வீட்டில் இருக்கிறவருக்கு, இது எவ்வளவு பெரிசாக வளரும் என்று தெரிந்துகொள்ள உரிமை உண்டு. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் 'கடிக்குமா?' என்று கேட்பது நியாயம். பத்துப் பன்னிரண்டு வருஷம் சோறு போடப்போகிற ஓர் உயிரைப் பற்றி எதுவுமே கேட்காமல் வாங்கிக்கொண்டு போகிறவரைத்தான் நான் சந்தேகிப்பேன். என்னுடைய கேள்வி வேறு. 'என்ன கிராஸ்?' என்ற கேள்வி, நாம் தெரிந்துகொள்ள நினைப்பதை நமக்குச் சொல்கிறதா? சொல்லாவிட்டால், அதைக் கேட்பதன் மூலம் உண்மையில் நாம் எதைத்தான் கேட்கிறோம்?

முதலில் கண்ணைப் பற்றி. அமெரிக்காவில் விக்டோரியா வோய்த் என்ற கால்நடை மருத்துவரும் அவர் குழுவினரும் 2013-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். இருபது கலப்பு நாய்களின் வீடியோக்களை, நாய்களோடு வேலை செய்கிற 900-க்கும் மேற்பட்டவர்களுக்குக் காட்டி, இது என்ன இனக் கலப்பு என்று கேட்டார்கள். பிறகு மரபணுச் சோதனையோடு ஒப்பிட்டார்கள். இருபதில் பதினான்கு நாய்களுக்கு, பாதிப்பேர் கூடச் சோதனையோடு பொருந்துகிற பதிலைச் சொல்லவில்லை. அவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்தும் இல்லை. இத்தனைக்கும் அவர்கள் பார்த்தது வளர்ந்த நாய்களை. ஆறு வாரக் குட்டிக்குக் காது இன்னும் நிமிர்ந்திருக்காது, மூஞ்சி நீண்டிருக்காது, நிறமும் மாறலாம்.

காரணம் எளியது. நாயின் வெளித்தோற்றத்தைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் சில மரபணுக்கள்தான். முடி நீளமா குட்டையா என்பதில் ஒன்று, கால் குட்டையாவதில் ஒன்று, உடல் பருமனில் பெரும்பங்கு வகிப்பது ஒன்று. ஒரு நாயிடம் ஏறத்தாழ இருபதாயிரம் மரபணுக்கள் இருக்கின்றன. நாம் அட்டையைப் பார்த்துப் புத்தகத்துக்கு விமர்சனம் எழுதுகிறோம். 1965-இல் வெளியான ஸ்காட், ஃபுல்லர் இருவரின் புகழ்பெற்ற நூலில் பசென்ஜி நாயையும் காக்கர் ஸ்பானியலையும் இணைத்துப் பிறந்தவற்றின் படங்கள் உண்டு. பெற்றோர் யாரென்று சொல்லாவிட்டால் ஊகிக்க முடியாத உருவங்கள் அதில் இருக்கின்றன. போதாததற்கு, ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு வேறு வேறு அப்பன் இருக்கலாம். 'இதோட அண்ணன் இப்படி வளந்துச்சு' என்கிற சாட்சியும் அதனால் பலவீனமானது.

சரி, இனம் சரியாகவே தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதாவது குணம் தெரியுமா? 2022-இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 18,385 நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டு, 2,155 நாய்களின் மரபணுத் தொகுதியையும் படித்தார்கள். ஒரு தனி நாயின் நடத்தையில் உள்ள வேறுபாட்டில் இனம் விளக்குவது சராசரியாக 9 சதவீதம் மட்டுமே என்று கண்டார்கள். ஒன்பது என்பது பூஜ்யம் கிடையாது. ஓடப் பிறந்த நாய் ஓடும், மேய்க்கப் பிறந்தது வட்டம் போடும். இனம் என்பதே பொய் என்று சொல்கிறவர்களும் மிகைப்படுத்துகிறார்கள். ஆனால் மீதி மிகப்பெரிய பங்கு அந்த ஒற்றை நாயிடமும், அது வளர்ந்த விதத்திலும் இருக்கிறது.

இதைவிட என்னை யோசிக்கவைத்தது 2015-இல் வந்த இன்னொரு ஆய்வு. 38 நாடுகளைச் சேர்ந்த 549 ஊர்நாய்களின் மரபணுவைப் பார்த்தார்கள். இந்தியா, வியட்நாம், எகிப்து ஆகிய நாடுகளின் ஊர்நாய்களிடம் ஐரோப்பிய இனக் கலப்பு மிகக் குறைவாகவே இருந்தது. அதாவது நம் தெருநாயைப் பார்த்து 'எதுக்கும் எதுக்கும் கிராஸ்?' என்று கேட்பதில் வரிசையே தலைகீழ். முதலில் சுத்தமான ஜாதிகள் இருந்தன, அவை கலந்து கெட்டுப்போய்த் தெருநாய் ஆனது என்று நாம் மனசுக்குள் ஒரு கதை வைத்திருக்கிறோம். உண்மையில் ஊர்நாய்தான் பழசு. முதல் நாய்க் கண்காட்சி என்று சொல்லப்படுவது இங்கிலாந்தின் நியூகாசிலில் 1859-இல் நடந்தது. லண்டனில் கென்னல் கிளப் தொடங்கியது 1873-இல். பதிவேட்டில் பேர் எழுதி, பேர் இல்லாததோடு சேரவிடாமல் காப்பதுதான் 'சுத்தம்' என்ற வழக்கத்துக்கு ஒன்றரை நூற்றாண்டுதான் வயசு.

அந்தச் சுத்தத்துக்கு நாய் கொடுக்கும் விலையும் உண்டு. ராஜபாளையம் நாயின் பால்வெள்ளை நிறம்தான் அதன் பெருமை. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளில் ஒன்று ராஜபாளையம். அந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் பிறப்பதும் தெரிந்த விஷயம். நிறமி இல்லாமல் வெளுத்த தோலோடு சேர்ந்து வரும் குறை அது.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருவோம். ஆங்கிலம் படித்தவர்கள் 'ப்ரீட்' என்பார்கள். நம் ஊரில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. 'என்ன ஜாதி?' என்றுதான் கேட்போம். விலை கொடுத்து வாங்கியது 'ஜாதி நாய்'. மற்றதெல்லாம் 'நாட்டு நாய்', 'தெரு நாய்', 'வெறும் நாய்'. மனுஷனிடம் நேரடியாகக் கேட்கத் தயங்குகிற கேள்வியை நாயிடம் கூச்சமில்லாமல் கேட்கிறோம். மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) பார்த்தவர்களுக்குக் கருப்பியை நினைவிருக்கும். அந்த நாயைத் தண்டவாளத்தில் கட்டிப்போட்டது, அதை வளர்த்தவர்கள் யார் என்பதற்காக. வளர்ப்பவரின் ஜாதி நாய்மேல் இறங்குகிறது. நாயின் ஜாதி வளர்ப்பவர்மேல் ஏறும் என்ற நப்பாசையில்தான் பலர் 'ஒரிஜினல்' தேடுகிறார்கள். இரண்டும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. மனித ஜாதிக்கு உடலில் எந்த ஆதாரமும் இல்லை. நாய் இனத்துக்கு எலும்பிலும் முடியிலும் ஆதாரம் இருக்கிறது. ஆனால் கேட்கிற தொனி ஒன்றுதான். எதிரில் நிற்கிற உயிரைப் பார்க்காமல், அதன் முன்னோர் பட்டியலைப் பார்த்து மரியாதையின் அளவை முடிவுசெய்கிற தொனி.

அரசும் இதைச் செய்வதுண்டு. 2024 மார்ச் 12-இல் மத்திய அரசின் கால்நடை பராமரிப்புத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. 23 நாய் இனங்கள் ஆபத்தானவை, அவற்றை விற்கவும் இனப்பெருக்கம் செய்யவும் உரிமம் தர வேண்டாம், ஏற்கெனவே வீட்டில் இருப்பவற்றுக்குக் கருத்தடை செய்ய வேண்டும் என்றது. அந்தப் பட்டியலில் கலப்பினங்களும் சேர்த்தி. ஒரு மாதத்துக்குள் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பெரிய நாய் குழந்தையைக் கடித்துக் குதறிய செய்தியைப் படிக்கும்போது, ஏதாவது தடை வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் 'கலப்பினமும் சேர்த்தி' என்றால் யார் எப்படிக் கண்டுபிடிப்பது? கண்ணால்தான். முகம் அகலமான ஒரு நாட்டுக் குட்டிக்கு யாரோ 'பிட்புல் கிராஸ்' என்று பேர்வைத்துவிட்டால் அதைத் தத்தெடுக்க ஆள் வராது. ஜாதி நாய் என்று புகழ்ந்து சொன்ன ஊகம் பொய்த்தாலும் பலி குட்டிதான். லேப் கிராஸ் என்று நம்பிக் கொண்டுபோனவர், எட்டு மாதம் கழித்து அது வெறும் நாய்போல் வளர்ந்து நிற்கையில், கொண்டுவந்த இடத்திலேயே இறக்கிவிட்டுப் போகிறார். ஊகித்தவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

எங்கள் கடற்கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பிகளைத் திறக்காமலே, ஆயிரக்கணக்கில் எண்ணிக் குவித்து ஏலம் விடுவார்கள். ஓட்டின் வெளிப்புறத்தைப் பார்த்து உள்ளே முத்து உண்டா என்று சொல்ல யாராலும் முடியாது. அதனால் சிலாபம் தொடங்கும் முன்பே மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுத்து, திறந்து, மதிப்புப் போடுவார்கள். அந்த மதிப்பு குவியலுக்குத்தான் பொருந்தும். ஒரு தனிச் சிப்பியைப் பற்றி அது எதுவும் சொல்லாது. 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் பெரிய சிலாபம் நடக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கு இங்கேயும் பொருந்துகிறது. இனம் என்பது குவியலைப் பற்றிய செய்தி. நம் கையில் இருப்பது ஒரே ஒரு குட்டி. முத்து வியாபாரிக்கும் நமக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவர் கணக்குத் தப்பினால் அவர் காசு போகும். நம் கணக்குத் தப்பினால் குட்டி நடுரோட்டுக்குப் போகும். ஆகவே இந்தச் சூதில் கூடுதல் கடமை நமக்குத்தான்.

அப்படியானால் தத்தெடுக்கும் முன் எதைத்தான் கேட்கலாம்? நான் எனக்கு வைத்திருக்கும் சோதனை இது: 'இந்தப் பதில் கிடைத்தால் நான் என்ன செய்வேன்?' பதிலை வைத்து எதையாவது ஏற்பாடு செய்யப்போகிறேன் என்றால், அது நல்ல கேள்வி. குட்டிக்கு எத்தனை வாரம்? தாயோடு எவ்வளவு நாள் இருந்தது? மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரைதான் நாய்க்குட்டி மனுஷனை, சத்தத்தை, மற்ற நாய்களைப் பழகிக்கொள்ளும் முக்கியமான காலம். அந்த வாரங்கள் எங்கே கழிந்தன என்பது, அப்பன் யாரென்பதைவிட அதிகம் சொல்லும். தாய் ஆளைக் கண்டால் ஓடுமா, கிட்ட வருமா? பூச்சிமருந்து கொடுத்தாச்சா? பார்வோ ஊசி, வெறிநாய்க்கடி ஊசி எப்போது போட வேண்டும்? இதற்கெல்லாம் பதில் உண்டு, பதிலைக் கொண்டு செய்ய வேலையும் உண்டு.

பதிலை வைத்து நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள மட்டும்தான் முடியும் என்றால், அந்தக் கேள்வியை விட்டுவிடலாம். பதிலைச் சாக்காக வைத்து 'வேண்டாம்' சொல்லப்போகிறோம் என்றால், அந்த 'வேண்டாம்'-ஐ நேராகவே சொல்லிவிடலாம். 'வீட்ல இடமில்ல', 'அம்மாவுக்குப் பயம்', 'மாசம் ஆயிரம் ரூவா கூடச் செலவழிக்க முடியாது' என்பதெல்லாம் கௌரவமான காரணங்கள். அவை நம்மைப் பற்றிய உண்மைகள். குட்டியின் ஜாதிமேல் பழிபோட வேண்டியதில்லை.

முதலில் ஒதுக்கிவைத்த 'கடுவனா, பொட்டையா?' என்ற கேள்வியையும் இதே சோதனையில் வைத்துப் பார்க்கலாம். 'பொட்ட' என்று பதில் போட்டதும் குழு அமைதியாகிவிடும். பொட்டைக் குட்டி பெருகும், தெருநாய்கள் வீட்டுவாசலில் கூடும் என்பது பயம். அந்தப் பயத்துக்குக் கருத்தடை என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது; ஒரு நாள் வேலை, சில நாள் கவனிப்பு. செய்யத் தயார் என்றால் பொட்டை என்பது ஒரு தகவல். தயாரில்லை என்றால் அது தண்டனை. எடுத்து வளர்க்க ஆளில்லாத பொட்டைக் குட்டிதான் அடுத்த வருஷம் அதே லாரிச் சாலையோரம் ஈனப்போகிறது.

நம் மாவட்டத்தின் வடக்கே, கோவில்பட்டி சாத்தூர் வட்டாரக் கரிசல் காட்டு வேட்டைநாய்கள் கன்னியும் சிப்பிப்பாறையும். நிறத்தை வைத்து இரண்டாகப் பிரிப்பவர்களும் உண்டு, இரண்டும் ஒன்றுதான் என்று சண்டைபோடுபவர்களும் உண்டு. அந்தப் பக்கத்துப் பழைய வழக்கம் ஒன்று சொல்வார்கள்: கன்னியை விற்க மாட்டார்கள், நன்றாகப் பார்த்துக்கொள்வேன் என்று வாக்குக் கொடுப்பவருக்குத்தான் கொடுப்பார்கள் என்று. ஜாதி நாய் என்று நாம் கொண்டாடும் நாயை வளர்த்தவர்கள், கொடுக்கும்போது விசாரித்தது வாங்க வந்த ஆளை. அட்டைப்பெட்டியில் இருக்கும் குட்டிக்கும் அதே விசாரணை பொருந்தும். 'என்ன கிராஸ்?' என்று கேட்கிறவரிடம், 'தெரியாது அண்ணாச்சி. நீங்க எத்தன மணிக்கு வேலைக்குப் போவீங்க, அப்ப வீட்ல யாரு இருப்பா?' என்று திருப்பிக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கலாம்.