குற்றம் யாருடையது?

'உங்கள் குழந்தையின் இதயத்தில் பிறவியிலேயே குறை இருக்கிறது' என்று மருத்துவர் கூறும்போது, தாயின் உள்ளத்தில் முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் சிகிச்சையைப் பற்றியது அன்று. 'நான் என்ன பாவம் செய்தேன்?' என்பதே அது. வெளியிலிருந்தும் அதே கேள்வி வேறு வடிவங்களில் வருகிறது. 'கிரகணத்தன்று வெளியே போனாயா? உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இப்படி உண்டா?' பிறக்கும் நூறு குழந்தைகளில் ஏறத்தாழ ஒரு குழந்தைக்கு இத்தகைய குறை இருக்கிறது. அப்படியானால் இக்கேள்வி எத்தனை இல்லங்களில் கண்ணீரைப் பெருக்கும்!

மருத்துவ அறிவியல் கூறுவதைக் கேட்போம். கருவின் இதயம் நான்காம் வாரத்திற்குள் துடிக்கத் தொடங்கி, எட்டாம் வாரத்திற்குள் அறைகளாகப் பிரிந்துவிடுகிறது. தான் கருவுற்றிருப்பதையே தாய் அப்போதுதான் அறிந்திருப்பாள். பெரும்பாலான குழந்தைகளுக்கு, இன்னதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட இயலுவதில்லை. மரபணு மாற்றம், ரூபெல்லா அம்மை, கட்டுப்படாத நீரிழிவு, சில மருந்துகள், நெருங்கிய உறவில் திருமணம் ஆகியவை வாய்ப்பை அதிகரிக்கின்றன. இவற்றை அறிவது வருங்காலத் தாய்மார்களைக் காப்பதற்காக; கண்ணீர் வடிப்பவளைத் தண்டிப்பதற்காக அன்று.

'அப்படியானால் வினைப்பயன் என்பது பொய்யா?' என்று சிலர் வினவலாம். வினைக் கொள்கை ஒருவன் தன்னைத் திருத்திக்கொள்வதற்கான கண்ணாடி. பிறரை எடைபோடும் தராசு அன்று. பிறரது வினைக்கணக்கைப் படித்தவர் நம்மில் யார்? துன்புறும் குழந்தையைக் கண்டு, 'அது அதன் வினை' என்று கூறி விலகுகிறோம் என்று கொள்வோம். குழந்தையின் முன்வினை நமக்குத் தெரியாது. ஆனால் நாம் விலகியது நமது இன்றைய வினை என்பது நன்றாகத் தெரியும்.

தாயும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். செய்த தவறு இன்னதென்று அறிந்து வருந்தினால் திருந்தலாம். செய்தது எதுவென்றே தெரியாத குற்றத்திற்காக வருந்துவதில் திருந்துவதற்கு ஒன்றுமில்லை. அந்த வருத்தம், குழந்தைக்குத் தேவையான வலிமையைத்தான் தின்றுவிடுகிறது.

கேள்வியை மாற்றினால் என்ன நிகழும் என்பதற்கு மருத்துவ வரலாற்றிலேயே சான்று உண்டு. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹெலன் டாசிக் என்ற பெண் மருத்துவர், உடல் நீலம் பாய்ந்து மடியும் குழந்தைகளைக் கவனித்து வந்தார். அவர்களுக்கு நுரையீரலுக்குச் செல்லும் பாதை குறுகியிருந்தது. பிறந்த பின் மூடிக்கொள்ள வேண்டிய ஓர் இரத்தக்குழாய் மூடாமல் இருந்த குழந்தைகள் சற்று நலமாக இருந்ததை அவர் கண்டார். 'அத்தகைய வழியை நாமே உண்டாக்கினால் என்ன?' என்பது அவர் கேள்வி. அறுவை மருத்துவர் ஆல்ஃபிரெட் பிளலாக்கும், அவரது உதவியாளர் விவியன் தாமஸும் விடை தேடினர். தாமஸ் கறுப்பினத்தவர், கல்லூரிப் படிப்பிற்கென்று சேமித்த பணத்தை வங்கி வீழ்ச்சியில் இழந்தவர். ஆய்வுக்கூடத்தில் அம்முறையை அவரே செய்து தேர்ந்திருந்தார். 1944 நவம்பர் 29 அன்று ஒரு பெண் குழந்தைக்கு, கைக்குச் செல்லும் தமனியை நுரையீரல் தமனியுடன் இணைத்தபோது, தாமஸ் பிளலாக்கின் பின்னால் நின்று வழிகாட்டினார். அக்குழந்தை சில மாதங்களே வாழ்ந்தது. ஆனால் அது திறந்த வழியில் பல்லாயிரம் குழந்தைகள் உயிர் பிழைத்தனர்.

இன்று நம் நாட்டிலும் இக்குறைகளுள் பலவற்றைச் சரிசெய்ய முடிகிறது. பிறப்பு முதல் 18 வயது வரையிலான குழந்தைகளைப் பரிசோதித்துச் சிகிச்சைக்கு அனுப்ப, 2013-இல் மத்திய அரசு ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. சில துளைகள் தாமாகவே மூடிக்கொள்கின்றன. சில குழந்தைகளுக்குப் பல அறுவைச் சிகிச்சைகள் தேவைப்படுகின்றன. சிலரைக் காப்பாற்ற முடிவதில்லை. எந்த நிலையிலும் அக்குடும்பத்திற்குத் துணை தேவை. மருத்துவமனையில் ஓர் இரவு கண்விழிக்கலாம். யாரும் கவனிக்காமல் வீட்டில் தனித்திருக்கும் மூத்த குழந்தைக்குச் சோறூட்டலாம். தந்தையின் மௌனத்திற்கு அருகில் சற்று அமரலாம்.

அத்தகைய இல்லத்திற்குள் நுழையும்போது, 'நீ என்ன செய்தாய்?' என்ற கேள்வியை வாசலிலேயே விட்டுவிடுவோம். 'நான் என்ன செய்யட்டும்?' என்ற கேள்வியோடு உள்ளே செல்வோம்.