டிக்கெட் எடுப்பதற்கு முன்

நாகர்கோவிலில் இரவு ரயில் ஏறிய ஒருவர் விடிகாலையில் தாம்பரத்தில் இறங்கி, செங்கல்பட்டு மின்சார ரயிலைப் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி தாண்டினால் பொத்தேரி. காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள் இறங்கும் நிலையம். ஆறு வருடமாகச் செல்போனிலேயே பழகிய நண்பரை அங்கேதான் முதன்முதலாகப் பார்க்கப் போகிறார். நீலச் சட்டை போட்டிருப்பேன் என்று செய்தி அனுப்பியாயிற்று. பையில் ஒரு பொட்டலம் நேந்திரங்காய் சிப்ஸ். பிளாட்பாரத்தில் காத்திருப்பவர் இத்தனை நாள் சொன்ன வயதும் வேலையும் பொய் என்றால், அது எவ்வளவு பெரிய குற்றம்?

முகம் பாராத நட்பு நமக்குப் புதிதில்லை. பேனா நட்புக் காலம் ஒன்று இருந்தது. 1996இல் அகத்தியன் எடுத்த ‘காதல் கோட்டை’யில் கடிதத்திலேயே காதலித்தவர்கள் கடைசியில் ஒரு ரயில் நிலையத்தில்தான் சந்திக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மூத்தது புறநானூறு காட்டும் கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் நட்பு. ஒருவர் உறையூர் அரசர், மற்றவர் பாண்டிய நாட்டுப் புலவர். பார்த்துக்கொண்டதே கிடையாது. மகன்களோடு மூண்ட பகையால், உண்ணாமல் உயிர்விட வடக்கிருந்த சோழன், பிசிராந்தையாருக்கும் இடம் விட்டு வையுங்கள் என்றான். பார்த்தேயிராத மனிதர் வருவாரா என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சந்தேகம். ஆனால் அவர் வந்தார்.

மேடையில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அந்தச் சந்தேகக்காரர்களைக் கண்டுகொள்வதே இல்லை. அவர்கள் கேட்டதில் என்ன தப்பு? அரசனே கோபிக்கவில்லை, அறிவு நிறைந்தவர்களே என்று மரியாதையாக அழைத்துத்தான் பதில் சொன்னான். வள்ளுவரும் 79ஆம் அதிகாரத்தில், கூடிப் பழகாவிட்டாலும் ஒத்த உணர்ச்சி போதும் என்கிறார். அதற்கு உரையெழுதிய பரிமேலழகர் காட்டும் உதாரணம் இந்த இருவரே. ஆனால் அடுத்த அதிகாரமே நட்பாராய்தல். அப்புறம் தீ நட்பு, கூடா நட்பு என்று எச்சரிக்கைக்கே இரண்டு அதிகாரம்.

அதனால் பகல் நேரத்தில், நாலு பேர் நடமாடும் இடத்தில் சந்திக்கலாம் என்பதும், முன்கூட்டி ஒருமுறை வீடியோவில் பேசுவதும், வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புவதும் நட்புக்கு இழுக்காகாது. “என்மேல நம்பிக்கை இல்லையா?” என்று கோபித்துக்கொள்கிறவரிடம்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

மறைப்பதெல்லாம் பொய்யாகிவிடாது. ஒரு பெண் சொந்தப் பெயரையும் படத்தையும் போட்டால் ராத்திரியெல்லாம் வேண்டாத செய்திகள் வந்து குவியும். வேறு பெயரில் இருக்கிறாள். கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிற மாதிரிதான் அது. பிசிராந்தையார்கூட, பெயர் கேட்டால் சோழன் என்று தன் நண்பன் பெயரைச் சொல்வாராம். இன்றைக்கு அதைப் போலிக் கணக்கு என்போம்! அவர் அதனால் யாரையும் ஏய்க்கவில்லை.

சிக்கல், எதிராளி கிளம்பும்போதுதான் தொடங்குகிறது. அதுவரை அரட்டை, பெரிய நஷ்டம் யாருக்கும் இல்லை. இப்போது அவர் லீவு போடுகிறார், பணம் கட்டுகிறார், வீட்டில் பதில் சொல்லிவிட்டு வருகிறார். எல்லாம் உங்கள் வார்த்தையை நம்பி. நேரில் பார்த்தால் புரிந்துகொள்வார் என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். புரிந்துகொள்ளவும் கூடும். ஆனால் தெரிந்திருந்தால் அவர் வராமலே இருந்திருக்கலாம். அந்த உரிமையைப் பறித்தாயிற்றே. பிளாட்பாரத்தில் சிப்ஸ் பொட்டலத்தோடு நிற்கிறவரால் சட்டென்று திரும்பிப் போக முடியாது. அவருடைய முகதாட்சண்யத்தை நம்பி உண்மையைச் சொல்வது, பொய்யைவிட ஒரு படி மோசம்.

மறைத்தது எதுவானாலும், அவர் டிக்கெட் எடுப்பதற்கு முன் சொல்லிவிடுங்கள். வருவதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்யட்டும்.